வானம் தருகின்றது, வாங்கி வைப்பார் யார்?

திருவள்ளுவப் பேராசான் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் போற்றிய கையோடு மழையையும் போற்றியே தம் காப்பியத்தைத் தொடங்கினார். தலையாலங்கானத்துப் போர் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. பெரும்புகழ் வேண்டின், நிலம் பள்ளமாகக் கிடக்கும் இடங்களில் எல்லாம் நீரைத் தேக்குக என்பதே அதன் உட்கிடை. வெற்றிச் செருக்கில் இருந்த வேந்தனிடம் படை பெருக்குக என்று அப்புலவர் சொல்லவில்லை. ஏரி பெருக்குக என்றார்.

மழையை வாழ்த்திய இனம் வாழ்த்தோடு நின்றுவிடவில்லை. மலையில் நீர் கிடந்த இடத்தைச் சுனை என்றது. ஊரார் உண்ணும் நீருக்கு ஊருணி அமைத்தது. வயலுக்கு ஏரியும் கண்மாயும் வெட்டியது. மணற்பாங்கில் ஊற்றுத் தோண்டியது; உறை இறக்கிக் கேணி கட்டியது. சிறிய ஏரிகளுக்குத் தாங்கல் என்றும் ஏந்தல் என்றும் பெயரிட்டது. அவ்விரு பெயர்களையும் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலிருந்து வருவதைத் தாங்குவது தாங்கல். கையேந்தி வாங்குவது போல் வாங்கி வைப்பது ஏந்தல். வானம் தரும், நிலம் ஏந்தும், ஏந்தும்படி நிலத்தைத் திருத்துவது மாந்தன் கடமை என்னும் கொள்கை முழுவதும் அச்சொற்களுக்குள் அடங்கியிருக்கின்றது.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஏரியைக் காக்கவே ஒரு தனி வாரியம் பேசப்படுகின்றது. தூர் எடுப்பதும் கரை உயர்த்துவதும் ஊராரின் பொறுப்பாக இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் அப்பொறுப்பு ஊராரிடமிருந்து நழுவி அரசின் கைக்குப் போயிற்று. இன்று தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகள் அரசுக் கணக்கில் உள்ளன. அவற்றுள் எத்தனை ஏரிகள் ஏரியாக இருக்கின்றன, எத்தனை தாங்கல்கள் ஊர்ப் பெயரின் ஈற்றில் மட்டும் இருக்கின்றன என்பதை அவ்வவ்வூரார் அறிவர்.

இவ்வளவும் இங்குச் சொல்லப்படுவது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. நீர் ஈனும் மலை ஒன்றின் காலடியிலேயே குடிநீரை விலைக்கு வாங்கும் நிலை தமிழ்நாட்டில் உண்டாகியிருக்கின்றது. அது நேர்ந்தது எவ்வாறு, மாறுவது எவ்வாறு என்பனவே இங்கு ஆராயத் தக்கவை. அதற்குக் கள்ளக்குறிச்சியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊர்ப்பெயர். பெயரிலேயே மலையைத் தாங்கிய அவ்வூர், விழுப்புரத்தினின்று பிரிந்து 2019 நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட கோவலூரும், அதனை ஒட்டிப் பாயும் தென்பெண்ணையும் இம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. மேற்கே எழுந்து நிற்பது கல்வராயன் மலை. சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலும் கால்பரப்பி, ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் அளவில் விரிந்து கிடப்பது அம்மலை. வடபகுதியாகிய சின்னக் கல்வராயன் 2,700 அடி அளவிலும், தென்பகுதியாகிய பெரிய கல்வராயன் 4,000 அடி அளவிலும் உயர்ந்துள்ளன. வெள்ளிமலையை அடுத்து மேகம் அருவியும் பெரியார் அருவியும் வீழ்கின்றன. கோமுகி ஆறும் மணிமுத்தாறும் இம்மலையிலேயே பிறந்து வெள்ளாற்றுப் படுகையைச் சேர்கின்றன. கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணை 46 அடியும், மணிமுத்தாற்று அணை 36 அடியும் நீர் தேக்க வல்லவை.

மலை இருக்கின்றது, அருவி இருக்கின்றது, ஆறுகளும் அணைகளும் இருக்கின்றன. இருந்தும் கோடையில் கள்ளக்குறிச்சித் தெருக்களில் இருபது இலிட்டர் நீர்க்குடுவைகளை ஏற்றிய வண்டிகள் வீடுவீடாகச் செல்கின்றன. மலைமேல் உள்ள சிற்றூர்களிலோ ஊற்று வற்றிய நாள்களில் குடம் சுமக்கும் பெண்டிரின் நடைதான் நீள்கின்றது. ஆற்றைப் பெற்ற மலைக்கே குடிக்க நீர் இல்லை என்றால் அதனினும் முரண் வேறு என்ன?

முரணின் வேர் நிலத்துக்கு அடியில் இருக்கின்றது. கள்ளக்குறிச்சிப் பகுதியின் அடித்தளம் பெரும்பாலும் கடும்பாறை. தஞ்சையைப் போல் ஆழ்ந்த வண்டலும் மணலும் அங்கு இல்லை. மேலே சில அடி மண். அதன்கீழ் சிதைந்த பாறை. அதற்கும் கீழ் வெடிப்புகள் மட்டும் உள்ள கெட்டிப் பாறை. பெய்யும் மழையில் சிறு பங்கே அவ்வெடிப்புகளில் போய்த் தங்கும். அந்தச் சிறு பங்கைத்தான் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சுகின்றன. கரும்பு மிகுதியாக விளையும் மண் அது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரண்டு கூட்டுறவுச் சருக்கரை ஆலைகள் உள்ளன. கரும்புக்கும் நெல்லுக்கும் பாய்ச்சிய பின்னர்க் குடிப்பதற்கு என்று பாறை எதனையும் ஒதுக்கி வைப்பதில்லை.

மலைமேல் நிலை வேறு. அங்குச் சரிவு மிகுதி. காடு அடர்ந்திருந்த நாளில் மழைத்துளி முதலில் இலையில் விழுந்தது. இலையிலிருந்து சருகில் சொட்டியது. சருகிலிருந்து மண்ணில் ஊறியது. ஊறிய நீர் பல திங்கள் கழித்து ஊற்றாகக் கசிந்தது. காடு குறைந்து மரவள்ளிக் கொல்லைகள் பெருகிய சரிவுகளில் அந்நீர் மண்ணையும் அரித்துக்கொண்டு சில மணி நேரத்தில் கீழே இறங்கிவிடுகின்றது. இம்மலை 1976 வரை மூன்று சாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்து, அதன் பின்னரே அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அம்மலைக்குக் காலந்தாழ்ந்து வந்தன. மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு நெடுந்தொலைவிலிருந்து குழாய் வழியே நீர் ஏற்றுவதும் எளிதன்று. எனவே கீழுள்ளோர்க்குப் பாறையும், மேலுள்ளோர்க்குச் சரிவும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. நீரை நிலத்தில் தேடுமுன் கூரையில் வாங்கிவிட வேண்டும் என்பதே அப்பாடம்.

கூரையில் எவ்வளவு கிடைக்கும் என்று ஐயுறுவோர்க்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 25 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள ஒரு சிறு வீட்டின் கூரைப் பரப்பு 500 சதுர அடி. ஒரு செ.மீ. மழை பெய்தாலே அதில் 460 இலிட்டருக்குக் குறையாமல் நீர் விழும். விலைக்கு வாங்கும் குடுவையால் அளந்தால் அது 23 குடுவை. கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை நிரவலாக 100 செ.மீ. அளவினது. அப்படியாயின் அச்சிறு கூரை ஓராண்டில் வாங்கும் நீர் 46,000 இலிட்டர். தெறித்தும் காய்ந்தும் கழுவியும் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று என்று கொண்டாலும் ஏறத்தாழ 37,000 இலிட்டர் எஞ்சும்.

ஐவர் வாழும் ஒரு வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து இலிட்டர் என்றால் நாளொன்றுக்கு 25 இலிட்டர். ஓராண்டுக்கு 9,125 இலிட்டர். வானம் அவ்வீட்டின் தலைமேல் கொட்டுவதோ அதைப்போல் நான்கு மடங்கு! மழை குறையும் சனவரி முதல் மே முடிய உள்ள 151 நாளுக்குத் தேவையானது 3,775 இலிட்டரே. ஐந்தடி நீளமும் ஐந்தடி அகலமும் ஆறடி ஆழமும் உள்ள ஒரு தொட்டி 4,200 இலிட்டர் கொள்ளும். கட்டில் ஒன்று போடும் இடத்தில், கோடை முழுமைக்கும் வேண்டிய குடிநீர் அடங்கிவிடும் என்பதே இக்கணக்கின் முடிவு.

மழை குறைந்துவிட்டது என்று குறை கூறுவோரும் உளர். குறைந்ததைவிடப் பெய்யும் முறை மாறியிருப்பதே பெரிது. ஆண்டில் சற்றொப்ப ஐம்பது நாள்களில் பெய்து முடிவதே தமிழ்நாட்டு மழை. அந்த ஐம்பதிலும் சில நாள்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் பின்னர் முகங்காட்டாமல் போவதைக் காண்கின்றோர் பலர். 2024 நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பெய்தது. மேலே கூறிய சிறு கூரையில் அம்மழை விழுந்திருந்தால் ஒரே நாளில் 23,000 இலிட்டருக்கு மேல் நீர் கிடைத்திருக்கும். அதை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையூர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அந்நீர் எங்கே போயிற்று? கடலுக்குப் போயிற்று. வெள்ளத்தில் வீட்டை இழந்தவனே அடுத்த கோடையில் குடிநீருக்கு வரிசையில் நிற்பது வானத்தின் குற்றம் ஆகாது.

தலைநகராகிய சென்னையும் இதே பாடத்தைப் படித்தது. 2015 திசம்பரில் வெள்ளத்தில் மிதந்த அந்நகர், நான்கே ஆண்டில், 2019 சூலையில், சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் வந்த நீரைக் குடித்தது. தலைநகருக்குத் தொடர்வண்டி ஓடியது. கல்வராயன் மலைச் சிற்றூர்க்கு எந்த வண்டி ஓடும்? அவ்வூர்க்குத் தலைக்கு மேல் உள்ள கூரைதான் ஓடிவரும் வண்டி.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. 2003ஆம் ஆண்டு அன்றைய முதலமைச்சர் செயலலிதாவின் ஆட்சியில், தமிழ்நாட்டின் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பாராட்டப்பட்ட நடவடிக்கை அது. சென்னை போன்ற இடங்களில் அடுத்து வந்த நல்ல மழைகளில் கிணற்று நீர் உயர்ந்ததும் உண்மை. நல்லதை நல்லது என்று சொல்வதே நடுநிலை.

ஆயின், அச்சட்டம் பெயரளவில் ஒன்றையும் செயலளவில் மற்றொன்றையும் செய்தது. பெயர் மழைநீர் சேகரிப்பு. திரட்டு என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்கச் சேகரிப்பு எதற்கு என்பது ஒருபுறம் இருக்கட்டும். உண்மையில் பெரும்பாலான வீடுகளில் எதுவும் திரட்டப்படவில்லை. கூரையிலிருந்து ஒரு குழாய் இறக்கப்பட்டு, கூழாங்கல் நிரப்பிய ஒரு குழிக்குள் விடப்பட்டது. நீர் வீட்டில் தங்கவில்லை, நிலத்துக்குள் அனுப்பப்பட்டது. மணற்பாங்கான கடற்கரை நகரில் அது பயன் தரும். உள்ளே விட்டதை அடுத்த திங்களே கிணற்றில் காணலாம். கடும்பாறைப் பகுதியில் அவ்வாறு அன்று. அங்குக் குழிக்குள் விட்ட நீர் எந்த வெடிப்பில் புகுந்து எந்தக் கொல்லையின் ஆழ்துளைக் கிணற்றில் ஏறியதோ, யார் அறிவார்? மலைச்சரிவில் விட்ட நீர் அடிவாரத்துக்கு இறங்கிவிடும். நிலத்தடி நீர் பெருகுவது ஊருக்கு நல்லதே. ஆனால் ஊருக்கு நல்லதைச் செய்யும்போது வீட்டின் குடத்தை வெறுங்குடமாக விட வேண்டியதில்லை.

இரண்டாவது குறை காவலின்மை. அலுவலர் பார்வைக்காக அன்று பொருத்திய குழாய்கள் பல இன்று உடைந்து தொங்குகின்றன. குழிகள் தூர்ந்து கிடக்கின்றன. சில வீடுகளில் குழி மேல் தரையே போடப்பட்டுவிட்டது. ஆண்டுக்கொரு முறை கூரையைப் பெருக்கிக் குழியைத் துப்புரவு செய்ய வேண்டும் என்ற பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து வரவில்லை. பழக்கமாகாத சட்டம் தாளில் கிடக்கும்.

எனவே கள்ளக்குறிச்சி போன்ற பாறை நிலத்துக்கும் கல்வராயன் போன்ற மலைநிலத்துக்கும் முறை மாற வேண்டும். முதலில் தொட்டி, தொட்டி நிறைந்த பின்னரே குழி. இதுவே இங்கு வலியுறுத்தப்படும் ஒரே செய்தி.

தொட்டி அமைக்கும் அறிவு அயலாரிடம் கடன் வாங்க வேண்டியதன்று. ஏரி கட்டிய தமிழன் அறிந்த நான்கு உறுப்புகளே வீட்டுத் தொட்டிக்கும் வேண்டும்: வரத்துக்கால், கரை, தூம்பு, கலிங்கல்.

கூரையின் இறவாரத்தில் பொருத்தும் தகட்டு வாய்க்காலும் அதிலிருந்து இறங்கும் குழாயும் வரத்துக்கால். ஏரியின் வரத்துக்காலில் சேறு வராமல் காத்ததைப் போல், இங்கும் முதல் மழையின் நீரை உள்ளே விடலாகாது. பல நாள் புழுதியும் பறவை எச்சமும் சருகும் அதில் கலந்திருக்கும். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்து வரும் தெளிநீரைத் திருப்பிவிட ஒரு சிறு அடைப்பு போதும். அதன்பின் கூழாங்கல், மணல், கரி என்று அடுக்கிய வடிகட்டி வழியாக நீர் தொட்டிக்குள் இறங்க வேண்டும்.

தொட்டியின் சுவரே கரை. செங்கல்லும் பைஞ்சுதையும் கொண்டு கட்டி உட்புறம் வழவழப்பாகப் பூச வேண்டும். ஒளி புகாதபடி மேலே மூடி வேண்டும். ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும். வாய் எங்கும் நெருங்கிய வலை கட்ட வேண்டும். இல்லையேல் காய்ச்சல் பரப்பும் கொசு குடியேறும். அடியில் பொருத்தும் குழாய்வாயே தூம்பு. ஏனத்தை உள்ளே விட்டு மொள்ளும் பழக்கம் கூடவே கூடாது. தொட்டி நிறைந்தபின் நீர் வழியும் வாயே கலிங்கல். அதன் நீரைக் கொல்லையில் உள்ள கிணற்றுக்கோ ஊறுகுழிக்கோ விட்டுவிடலாம். அப்போது சட்டமும் நிறைவேறும், வீடும் நிறையும். கல்நார்த் தகடு வேய்ந்த கூரையிலும், வேதிப்பூச்சு உரியும் கூரையிலும் வரும் நீரைக் குடிக்க எடுக்கலாகாது. மற்ற கூரை நீரையும் காய்ச்சிக் குடிப்பதே காப்பு.

பழைய தமிழ் வீட்டின் அமைப்பே இதற்கு இசைந்திருந்தது. நாற்புறக் கூரையும் உள்நோக்கிச் சரிய, நடுவே முற்றம் இருந்தது. மழை நாளில் கூரையின் கூடுவாயில் அண்டாவும் குடமும் வைத்து நீர் பிடிக்கும் வழக்கம் செட்டிநாட்டில் நெடுநாள் நின்றது. யாழ்ப்பாணத்தில் ஆண்டெல்லாம் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கல் நிலத்தில் ஊறும் மழைநீரே அங்குள்ள கிணறுகளுக்கு முதல். வானத்தை மட்டுமே நம்பி ஒரு பெருங்குடி வாழ முடியும் என்பதற்கு அத்தமிழ் நிலமே சான்று. கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. பிரேசில் நாட்டின் வடகிழக்கு வறள்நிலத்தில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் இயக்கம், சிற்றூர் வீடுகளின் கூரை நீரை வீட்டுக்கு 16,000 இலிட்டர் கொள்ளும் தொட்டிகளில் தேக்கியது. பத்து இலக்கம் தொட்டிகள் என்பது அதன் குறிக்கோள். மக்கள்தாமே கூடிக் கட்டினர். அரசு பொருளுதவி செய்தது. சுனைக்கும் ஊருணிக்கும் பெயர் வைத்த இனம் அதனினும் பின்தங்கி நிற்பதா?

வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதே, இனித் தொட்டி எதற்கு என்று கேட்பர் சிலர். இந்திய அரசின் வீட்டுக் குழாய்நீர்த் திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டது. குழாய்கள் பல ஊர்களை எட்டியிருப்பதும் உண்மையே. ஆனால் குழாய் நீரை ஈனுவதில்லை. கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. மேலே உள்ள ஊற்று வற்றினால் கீழே உள்ள குழாயில் காற்றுதான் வரும். தொட்டி கட்டப் பொருள் ஏது என்பர் வேறு சிலர். ஏழைக்கு அது மெய்யான தடை. அதனை நீக்குவது அரசின் கடன். வசிக்க வீடு கட்ட உதவும் அரசு, அவ்வீட்டின் மதிப்பில் சிறு பங்கே ஆகும் தொட்டியை அதன் உறுப்பாகவே சேர்த்துக் கட்டித் தரலாம். ஆனால் மூன்றடுக்கு வீடு கட்டி, வாயிலுக்குப் பளிங்கு பதித்து, கூரை நீரைத் தெருச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, குடுவை நீர் வாங்கும் செல்வர் எந்தத் தடையைக் காட்டுவர்?

அரசு செய்ய வேண்டியன மூன்று. ஒன்று, கல்வராயன் மலைச் சிற்றூர்களில் அரசு உதவியுடன் எழும் ஒவ்வொரு வீட்டிலும் குடிநீர்த் தொட்டியை வரைபடத்திலேயே சேர்த்தல். இரண்டு, பாறை நிலம், மணல் நிலம், மலை நிலம் எனப் பிரித்து, 2003 சட்டத்தின் முறையை அவ்வந் நிலத்துக்கு ஏற்பத் திருத்துதல். மூன்று, மலைச்சரிவுகளில் காட்டை மீட்டு ஊற்றுக் கண்களைக் காத்தல். பள்ளிகளில் இருந்தே இதனைத் தொடங்கலாம். 5,000 சதுர அடிக் கூரையுள்ள ஒரு பள்ளிக்கு ஒரு செ.மீ. மழையில் 4,600 இலிட்டர் கிடைக்கும். மழைமானி ஒன்றை நட்டு, மாணவர் நாள்தோறும் அளந்து எழுதி, கூரைப் பரப்போடு பெருக்கித் தொட்டியில் சரிபார்த்தால், அது கணக்குப் பாடமும் ஆகும், அறிவியற் பாடமும் ஆகும், அறப்பாடமும் ஆகும். அம்மாணவன் வீட்டுக்குப் போய்த் தந்தையைக் கேட்கும் கேள்வி, அலுவலர் விடுக்கும் அறிக்கையைவிடக் கூர்மையானதாக இருக்கும்.

அரசு செய்யும்வரை காத்திருத்தல் தன்மானம் உடையார்க்கு அழகன்று. பேச்சில் ஓர் அயற்சொல் கலந்தால் உள்ளம் பதறும் தமிழுணர்வாளர், தம் கூரையில் விழுந்த தூய நீர் சாக்கடையில் கலப்பதைக் கண்டு பதறாமல் இருத்தல் பொருந்துமா? மொழியில் தூய்மை காப்பதும், நிலத்தில் நீர் காப்பதும் ஒரே உணர்வின் இரு கைகள். தம் மரபில் உள்ளதை அறியாமல் பிறரிடம் கையேந்தும் இழிவை நீக்குவதே இரண்டுக்கும் நோக்கம்.

அடுத்த பருவமழைக்கு முன் ஒவ்வோர் அன்பரும் தம் கூரையை ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். சருகு இருந்தால் பெருக்கட்டும். உடைந்த குழாய் இருந்தால் மாற்றட்டும். தூர்ந்த குழி இருந்தால் தோண்டட்டும். தொட்டி இல்லையேல் கட்டட்டும். கட்ட இயலாதவர் ஓர் அண்டாவையேனும் இறவாரத்தின்கீழ் வைக்கட்டும். பக்கத்து வீட்டாரையும் அழைத்துக் காட்டட்டும். தெருவுக்கு ஒரு வீடு தொடங்கினால் ஊர் தொடரும். ஊர் தொடர்ந்தால் மலையும் தொடரும்.

தாங்கல் என்றும் ஏந்தல் என்றும் பெயரிட்டவர் வழியினர் ஏந்த மறந்தால், வானம் எத்தனை முறை பெய்தும் பயனில்லை. வீட்டுக்கு ஓர் ஏரி எழுக! குடம் சுமக்கும் கைகள் ஓய்க!